எந்த விமான நிறுவனம் பத்திரம்? வாங்க, உள்ளே போய்ப் பார்க்கலாம்!

விமான நிறுவனங்களின் விளம்பரங்களைக் கவனித்துப் பாருங்கள். டிக்கெட் விலையில் அடித்துக்கொள்வார்கள். கால் நீட்ட இடம், சூடான சாப்பாடு, நேரம் தவறாமை என்று மார்தட்டுவார்கள். ஆனால் "அவர்களைவிட நாங்கள் உங்களைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்போம்" என்று ஒரு நிறுவனமாவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? சொல்லவே மாட்டார்கள். சந்தையில் ஒருவரையொருவர் விழுங்கத் துடிக்கிறவர்கள், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கைகோத்துக்கொண்டு, தங்கள் தவறுகளைப் போட்டியாளருக்கே எடுத்துக் கொடுக்கிறார்கள்! இதையெல்லாம் படிக்கப் படிக்க எனக்கு உண்டான பரவசம் இன்னும் அடங்கவில்லை. வாருங்கள், ஒவ்வொரு கதவாகத் திறந்து காட்டுகிறேன்.

இந்தப் பழக்கம் சும்மா வந்துவிடவில்லை. 1974 டிசம்பர் 1. வாஷிங்டனுக்குப் பக்கத்திலுள்ள டல்லஸ் விமான நிலையத்தை நோக்கி டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் போயிங் 727 ஒன்று மேகத்துக்குள் வந்துகொண்டிருந்தது. கட்டுப்பாட்டு அறை கொடுத்த அனுமதியை, "இப்போதே கீழே இறங்கிவிடலாம்" என்று விமானிகள் புரிந்துகொண்டார்கள். எதிரே வர்ஜீனியாவின் மலை. விமானத்தில் இருந்த 92 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. விசாரணையில் வெளிவந்த செய்தி அதைவிடக் கொடுமை. ஆறு வாரங்களுக்கு முன்புதான் அதே வழியில், அதே குழப்பத்தில், யுனைடெட் விமானம் ஒன்று மயிரிழையில் தப்பியிருந்தது. யுனைடெட் தன் விமானிகளை உடனே எச்சரித்தும் விட்டது. அந்த எச்சரிக்கை பக்கத்து நிறுவனத்துக்குப் போய்ச்சேர வழிதான் இல்லை.

வழி 1976-ல் பிறந்தது. விண்வெளி ஆய்வுக்குப் பெயர்போன அதே நாசா, விமானிகளின் வாக்குமூலங்களை வாங்கிவைக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டது. "உயரத்தைத் தவறாகப் போட்டுவிட்டேன்", "தப்பான ஓடுபாதையை நோக்கிப் போய்விட்டேன்" என்று விமானிகள் தாங்களாகவே எழுதி அனுப்பலாம். அந்தப் படிவத்தில் ஒரு அழகு இருக்கிறது. பெயரும் முகவரியும் ஒரு தனித் துண்டில் இருக்கும். நாசாவில் அதை வெட்டி எடுத்து, தேதி முத்திரை குத்தி, எழுதியவருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். தவறு மட்டும் அங்கே தங்கும், ஆள் யாரென்று அங்கே பதிவிருக்காது. வேண்டுமென்றே செய்யாத பிசகு என்றால், 10 நாட்களுக்குள் எழுதி அனுப்பியவருக்கு அபராதத்திலிருந்து விலக்கும் உண்டு. இப்படி வந்து குவிந்தவை 20 லட்சத்தைத் தாண்டிவிட்டன. தாமாகவே முன்வந்து எழுதிய 20 லட்சம் அறிக்கைகள்! வேறெந்தத் தொழிலில் இது உண்டு?

"அதெல்லாம் சரி, எந்த நிறுவனத்துக்கு எத்தனை விபத்து என்று எண்ணிப் பார்த்தால் வேலை முடிந்தது, இல்லையா?" என்று நீங்கள் கேட்பீர்கள். எண்ணிப் பார்ப்போம். கான்கார்ட் விமானம் 1976-லிருந்து 24 ஆண்டுகள் ஒரு பயணியைக்கூடப் பலி கொடுக்கவில்லை. 2000 ஜூலை 24 அன்று பட்டியல் போட்டிருந்தால் அதற்குத்தான் முதலிடம். மறுநாள் பாரிஸுக்கு வெளியே ஒரே ஒரு விபத்து. விமானத்தில் 109 பேர், தரையில் 4 பேர். பறந்த தடவைகள் மொத்தமே குறைவு என்பதால், அந்த ஒரே நாளில் பட்டியலின் அடிமட்டத்துக்குப் போய்விட்டது. நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவில் அந்த விமானத்தின் குணம் அப்படியொன்றும் தலைகீழாக மாறிவிடவில்லையே!

எதை எண்ணுவது என்பதிலும் இதே சிக்கல். அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் 1971 முதல் பறக்கிறது. விபத்தில் அதன் பயணி ஒருவர் இறந்தது 2018-ல்தான் முதல்முறை. அப்படியானால் அதுவரை உயிரிழப்பே இல்லையா? 2005-ல் சிகாகோவின் பனியில் அதன் விமானம் ஓடுபாதையைத் தாண்டி, வேலியை உடைத்துக்கொண்டு சாலைக்கே வந்துவிட்டது. காரில் உட்கார்ந்திருந்த 6 வயதுச் சிறுவன் இறந்துபோனான். அவன் பயணி இல்லை என்பதால் கணக்கில் சேர்ப்பதா, விடுவதா? 2014-ல் உக்ரைன் வானில் சுட்டு வீழ்த்தப்பட்ட மலேசிய விமானத்தின் 298 பேரை, சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டா அந்த ஆண்டின் விபத்துக் கணக்கில் சேர்க்கவே இல்லை. ஏவுகணைத் தாக்குதல் விபத்தாகாது என்பது அவர்கள் நியாயம். அதில் தப்பு சொல்ல முடியாது. ஆனால் இன்னொருவர் போடும் பட்டியலில் அந்த 298-ம் இருக்கும், நிறுவனத்தின் இடமும் மாறியிருக்கும்.

உண்மையில் எண்ணுவதற்கே விபத்துகள் போதவில்லை, அதுதான் இதில் பெரிய சந்தோஷம்! எம்.ஐ.டி. பேராசிரியர் ஆர்னால்ட் பார்னெட் பல ஆண்டுகளாக இந்தக் கணக்கைப் போட்டுவருகிறார். 1968 முதல் 1977 வரை உலக அளவில் 3.5 லட்சம் தடவை பயணிகள் விமானம் ஏறினால் ஒரு மரணம். 2018 முதல் 2022 வரை பார்த்தால், 1 கோடியே 37 லட்சம் தடவைக்கு ஒன்று. இவ்வளவு அபூர்வமாகிவிட்ட ஒன்றை வைத்து நல்ல நிறுவனங்களுக்குள் நீ முந்தி நான் முந்தி என்று வரிசை போட முடியாது. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. யாரும் சாகாத, பயணிகள் யாருமே கவனிக்காத சின்னப் பிசகுகளை ஒரு நிறுவனம் எவ்வளவு ஆசையாகத் தேடிப் பிடிக்கிறது? அதில்தான் சூட்சுமம்!

எனக்கு மிகப் பிடித்தது தரவு அறை. கறுப்புப் பெட்டி தெரியும், விபத்துக்குப் பிறகு தேடுவது. அதற்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. அதன் பதிவுகளை அன்றாடம் எடுத்துப் படிப்பார்கள். விமானத்தின் வேகம், உயரம், சாய்வு, இறக்கை மடிப்புகளின் நிலை, என்ஜின் வெப்பம் என்று ஆயிரக்கணக்கான அளவுகள் அதில் பதிவாகின்றன. 27,000 கிலோவுக்கு மேல் எடையுள்ள விமானங்களை ஓட்டும் நிறுவனங்கள் இந்தத் தரவுகளை ஆராய்ந்தே ஆகவேண்டும் என்று ஐ.நா.வின் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ 2005-லிருந்து விதித்திருக்கிறது. ஆக, நேற்று நீங்கள் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டு வந்த பயணத்தையும் ஒரு கணினி வரி விடாமல் படித்திருக்கும்!

அந்த அறையில் அவர்கள் விழுந்து விழுந்து பார்ப்பது ஓடுபாதைக்கு மேலே 1,000 அடி உயரத்தில் விமானம் எப்படி இருந்தது என்பதைத்தான். சக்கரம் இறங்கிவிட்டதா? இறக்கை மடிப்புகள் சரியான நிலையில் இருக்கின்றனவா? நிமிடத்துக்கு 1,000 அடிக்கு மேல் வேகமாக இறங்கவில்லையே? சரிபார்ப்புப் பட்டியல் படித்து முடித்தாயிற்றா? மேகமூட்டத்தில் இந்த 1,000 அடியில் ஒன்று தவறினாலும், இறங்கும் யோசனையை விட்டுவிட்டு மேலே ஏறிவிட வேண்டும். அதன் பெயர் கோ-அரவுண்ட். சட்டத்தில் இது சுலபம். நிஜத்தில்? ஃப்ளைட் சேஃப்டி ஃபவுண்டேஷன் அலசிப் பார்த்தபோது, நிலைகொள்ளாமல் இறங்கிவந்த விமானங்களில் சுமார் 3 சதவீதம்தான் மேலே ஏறின. மற்றவை எப்படியோ சமாளித்து இறங்கிவிட்டன. ஓடுபாதை கண் முன்னே விரிந்து கிடக்கும்போது இறங்காமல் விடுவதற்கு அவ்வளவு மனோதிடம் வேண்டியிருக்கிறது! ஆகவே ஒரு நிறுவனத்தை எடைபோட எனக்கு ஒரே ஒரு கேள்வி அனுமதிக்கப்பட்டால், "உங்கள் விமானி கோ-அரவுண்ட் செய்துவிட்டு வந்தால், அடுத்த நாள் யாராவது அவரிடம் ஏன் என்று கேட்பார்களா?" என்றுதான் கேட்பேன்.

தரவு அறையில் இன்னொரு நுட்பம். அமெரிக்க நிறுவனங்கள் பலவற்றில், எந்த விமானத்தை அன்று யார் ஓட்டினார் என்பதை மேலதிகாரிகள் பார்க்க முடியாது. அந்தச் சாவி விமானிகள் சங்கத்தைச் சேர்ந்த ஒருவரிடம் மட்டும் இருக்கும். அவர் சம்பந்தப்பட்ட விமானிக்கு போன் போட்டு, "அன்றைக்கு என்ன நடந்தது?" என்று நண்பராகக் கேட்பார். பயம் போனால்தான் உண்மை வரும் என்பதை இவர்கள் ஒரு நடைமுறையாகவே கட்டிவைத்திருக்கிறார்கள்.

அடுத்து காக்பிட்டுக்குள்ளேயே போய்விடலாம். விமானிகளுக்குப் பின்னால் ஒரு மடக்கு இருக்கை இருக்கும். 1990-களில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஹெல்ம்ரைக் குழுவினர் அதில் ஒரு பார்வையாளரை உட்காரவைத்தார்கள். கையில் குறிப்பேடு. வாயைத் திறக்கக்கூடாது. விமானி வேண்டாம் என்றால் எழுந்து வந்துவிட வேண்டும். பெயரும் விமான எண்ணும் எழுதக்கூடாது. இப்படி ஒரு சாதாரண நாளில், சாதாரணப் பயணத்தில் நல்ல விமானிகள் என்னென்ன தவறு செய்கிறார்கள், அவற்றை எப்படித் தாங்களே பிடித்துச் சரிசெய்கிறார்கள் என்று குறித்தார்கள். கான்டினென்டல் நிறுவனம் 1996-ல் இதைச் செய்துபார்த்து, தன் பலவீனங்களைக் கண்டுகொண்டு, பயிற்சியைத் திருத்தி, 2000-ல் மறுபடியும் ஆட்களை உட்காரவைத்தது. நிலைகொள்ளாமல் இறங்குவது வெகுவாகக் குறைந்திருந்தது. சாதாரண நாளைப் பாடமாக்கிய இந்த யோசனையை நினைத்தால் எனக்கு எழுந்து நின்று கைதட்டத் தோன்றுகிறது.

காக்பிட்டிலேயே இன்னொரு பொக்கிஷம், டெக் லாக் எனப்படும் பதிவேடு. ஏதாவது ஒரு விளக்கு எரியவில்லை, ஒரு பம்ப் ஓடவில்லை என்றால் விமானம் உடனே நின்றுவிடாது. எது பழுதாகியிருந்தால் பறக்கலாம், எத்தனை நாள் பறக்கலாம் என்பதற்குக் கறாரான பட்டியல் உண்டு. பி வகைப் பழுதுக்கு 3 நாள், சி வகைக்கு 10 நாள், டி வகைக்கு 120 நாள். பழுதான ஸ்விட்ச் பக்கத்தில் சின்னதாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். அந்த விமானத்தை ஏற்பதா வேண்டாமா என்ற கடைசி முடிவு கேப்டனுடையது. மனசுக்குச் சரியெனப் படவில்லை என்றால் கையெழுத்துப் போடாமல் திருப்பித் தரலாம். ஒரு நிறுவனம் 10 நாள் கெடுவை இரண்டாம் நாளே முடிக்கிறதா, பத்தாம் நாள் இரவு வரை இழுக்கிறதா என்பதைப் பார்த்தாலே உதிரிபாகக் கிடங்கு, பணப்பெட்டி, நிர்வாகத்தின் மனசு மூன்றும் தெரிந்துவிடும். விமானங்களைப் பழுதுபார்க்கும் ஹேங்கருக்குள் நுழைந்தால் கருவிப் பலகை: ஒவ்வொரு ஸ்பானருக்கும் ஸ்க்ரூடிரைவருக்கும் அதன் வடிவத்திலேயே நிழல் வரைந்து அதன்மேல் மாட்டியிருப்பார்கள். வேலை முடிந்து ஒரு நிழல் காலியாக இருந்தால், அந்தக் கருவி கிடைக்கும்வரை விமானம் நகராது!

சரி, எல்லாம் மீறி ஏதாவது நடந்துவிட்டால்? அதற்கும் ஒத்திகை உண்டு. 2006 மார்ச்சில் ஹாம்பர்கில், ஏ380 விமானத்துக்குள் 853 பயணிகளையும் 20 ஊழியர்களையும் ஏற்றி, விளக்கை அணைத்து, வழியில் பைகளையும் போர்வைகளையும் இறைத்துவிட்டு, 16 கதவுகளில் 8-ஐ மட்டும் திறந்தார்கள். எந்த எட்டு என்று முன்கூட்டி யாருக்கும் தெரியாது. விதி 90 வினாடி. 873 பேரும் 78 வினாடியில் வெளியே!

2024 ஜனவரி 2 அன்று இது ஒத்திகையாக இல்லை. டோக்கியோ ஹனேடாவில் இறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸின் ஏ350, ஓடுபாதையில் நின்றிருந்த கடலோரக் காவல்படை விமானத்தின்மேல் மோதித் தீப்பிடித்தது. சின்ன விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐந்து பேர் இறந்துபோனார்கள். பெரிய விமானத்தில் 379 பேர். உள்ளே ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை. பணியாளர்கள் மெகாபோனிலும் தொண்டையாலும் கத்தினார்கள். எட்டுக் கதவுகளில் எவற்றுக்கு வெளியே தீ இல்லை என்று தாங்களே எட்டிப் பார்த்து, மூன்றை மட்டும் திறந்தார்கள். மேலே வைத்த பையை எடுக்கப் போராடி யாரும் வழியை அடைக்கவில்லை. கடைசி ஆளாகக் கேப்டன் இறங்கியபோது தரையிறங்கி 18 நிமிடம் ஆகியிருந்தது. 379 பேரும் உயிரோடு.

அந்த அமைதியான கைகளுக்குப் பின்னால் ஒரு கட்டடம் இருக்கிறது. 1985 ஆகஸ்ட் 12 அன்று இதே நிறுவனத்தின் போயிங் 747 மலையில் மோதி 520 பேர் இறந்தார்கள். நால்வர் மட்டுமே பிழைத்தார்கள். ஒரே விமானம் சம்பந்தப்பட்ட விபத்துகளில் உலகிலேயே மோசமானது இன்றளவும் அதுதான். காரணம், ஏழு ஆண்டுகளுக்கு முன்பு ஒசாகாவில் வால் உரசியபோது போயிங் ஆட்கள் செய்த பழுதுபார்ப்பு. பின்புற அழுத்தச் சுவரில் ஒரே தகடாகப் போடவேண்டிய ஒட்டை இரண்டாக வெட்டிப் போட்டதால், இரண்டு வரிசை ஆணிகள் தாங்கவேண்டிய பாரத்தை ஒரே வரிசை தாங்கியது. அந்தக் கிழிந்த சுவரையும், நசுங்கிய இருக்கைகளையும், விமானம் விழும் முன் பயணிகள் வீட்டுக்கு எழுதிவைத்த கடைசிக் குறிப்புகளையும் காட்சிக்கு வைத்து, 2006-ல் ஹனேடாவில் ஒரு மையத்தையே திறந்தார்கள். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள் அங்கே போய்ப் பார்க்க வேண்டும். ஒரு நிறுவனம் தன் வரலாற்றின் மிக மோசமான நாளை ஊழியர்களுக்குப் பள்ளிக்கூடமாக்கியிருக்கிறது! 1985-ஐச் சேர்த்துப் பட்டியல் போட்டால் ஜப்பான் ஏர்லைன்ஸ் கீழே கிடக்கும். 1986-லிருந்து போட்டால் உச்சியில் இருக்கும்.

கொரியன் ஏர் இன்னொரு மறுபிறவி. 1997-ல் குவாம் தீவில் அதன் விமானம் விழுந்து 200-க்கும் மேற்பட்டோர் பலி. 1999 டிசம்பரில் லண்டன் ஸ்டான்ஸ்டெட்டிலிருந்து கிளம்பிய சரக்கு விமானத்தில் கேப்டனின் சாய்வுமானி கெட்டிருந்தது. துணை விமானியின் சாய்வுமானி சரியாகத்தான் காட்டியது. ஆனாலும் அவர் வாய் திறக்கவில்லை. விமானத்தில் இருந்த நால்வரும் இறந்தார்கள். அதே ஆண்டில் டெல்டா நிறுவனம் அவர்களுடனான கூட்டையே நிறுத்திவைத்திருந்தது. பிறகு நடந்ததுதான் ஆச்சரியம். 2000-ல் அதே டெல்டாவிலிருந்தே டேவிட் கிரீன்பர்க் என்பவரை அழைத்துவந்து விமான இயக்கத்தின் தலைமையில் உட்காரவைத்தார்கள். பயிற்சியும் பதவி உயர்வும் காக்பிட் பழக்கங்களும் அடியோடு மாறின. 1999-க்குப் பிறகு கொரியன் ஏர் விபத்தில் ஒரு பயணிகூட உயிரிழக்கவில்லை.

நாம் பயணிகள். இந்த அறைகளுக்குள் நமக்கு அனுமதி இல்லை. ஆனால் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வருகிறவர்களின் முடிவை நாம் பார்க்கலாம். 2003-ல் ஐயாட்டா தொடங்கிய 'ஐயோசா' தணிக்கையில், ஆடிட்டர்கள் காக்பிட், சிமுலேட்டர், ஹேங்கர், சரக்குப் பகுதி என்று எல்லாவற்றையும் நேரில் பார்ப்பார்கள். தேறிய நிறுவனங்களின் பட்டியல் இணையத்தில் இருக்கிறது, யாரும் தேடலாம். 2024-ல் பத்து லட்சம் பறப்புகளுக்கு, இந்தப் பட்டியலில் உள்ளவர்களின் விபத்து விகிதம் 0.92. வெளியே உள்ளவர்களுக்கு 1.70. ஏறத்தாழ இரண்டு மடங்கு!

நிறுவனத்தைவிட, அதைக் கண்காணிக்கும் நாட்டைப் பார்ப்பது இன்னும் முக்கியம் என்பேன். அமெரிக்காவின் விமானப் போக்குவரத்துக் கண்காணிப்பு அமைப்பான எஃப்.ஏ.ஏ. நாடுகளுக்கே மதிப்பெண் போடுகிறது. 2014 ஜனவரியில் இந்தியாவையே இரண்டாம் தரத்துக்கு இறக்கிவிட்டது. நம் நாட்டில் அதே வேலையைச் செய்யும் டி.ஜி.சி.ஏ.வில் தகுதியான ஆய்வாளர்கள் போதவில்லை என்பது முக்கியக் குறை. ஏர் இந்தியாவும் ஜெட் ஏர்வேஸும் அமெரிக்காவுக்குப் புதிய விமானங்கள் விட முடியாமல் போனது. ஆட்களைச் சேர்த்து, குறைகளைச் சரிசெய்து, 2015 ஏப்ரலில் முதல் தரத்தை மீட்டோம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் தடைப்பட்டியலுக்குப் பின்னால் ஒரு ரணம் உண்டு. 2004 ஜனவரியில் எகிப்தின் ஃப்ளாஷ் ஏர்லைன்ஸ் விமானம் செங்கடலில் விழுந்து 148 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பிரெஞ்சுச் சுற்றுலாப் பயணிகள். அந்த நிறுவனத்தை சுவிட்சர்லாந்து 2002-லேயே தடை செய்திருந்தது. பக்கத்து நாட்டு மக்களுக்கு அது தெரியாது! 2006 முதல் அந்தப் பட்டியலை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுகிறார்கள்.

அதில் 2013-லிருந்து நேபாளத்தின் எல்லா நிறுவனங்களும் இருக்கின்றன. அங்கே விமான நிலையங்களை நடத்துவதும் விமானப் போக்குவரத்தைக் கண்காணிப்பதும் ஒரே அமைப்பு. பரீட்சை எழுதுகிறவரே விடைத்தாளைத் திருத்துவதைப் போல. 2023 ஜனவரியில் போக்ராவில் எட்டி ஏர்லைன்ஸ் விமானம் விழுந்து 72 பேர் இறந்தார்கள். இறக்கை மடிப்பை இறக்கும் நெம்புகோலுக்குப் பதிலாக, பக்கத்திலிருந்த புரொப்பெல்லர் நெம்புகோல்களை இழுத்திருந்தார்கள். என்ஜின்கள் ஓடிக்கொண்டிருந்தும் உந்துவிசை இல்லை. சாதாரண நாட்களில் பின்னிருக்கையில் ஒருவர் குறிப்பேட்டோடு உட்காருவது இப்படிப்பட்ட கை தவறலைப் பிடிக்கத்தான்.

முக்திநாத் யாத்திரை போகிற நம் ஊர்க்காரர்களுக்கு இது தூரத்துச் சேதி இல்லை. போக்ராவிலிருந்து, முக்திநாத்துக்கு வழியான ஜோம்சோமுக்கு ஏறுவது இந்தப் பட்டியலில் உள்ள நிறுவனங்களின் சின்ன விமானங்களில்தான்; 2022 மே மாதம் அந்த வழியில் 22 பேர் இறந்திருக்கிறார்கள். பள்ளத்தாக்கில் நேரம் ஆக ஆகக் காற்று வலுக்கும் என்பதால் விமானங்கள் காலையில்தான் போகும். ஏஜென்ட் போட்டுத் தரும் திட்டத்தில் போக்ராவில் இரண்டு நாளாவது உபரியாக வைக்கச் சொல்லுங்கள். கிளம்பவேண்டிய காலையில் விமானம் ரத்து என்று சொன்னால், கவுன்ட்டரில் போய்ச் சண்டை போடாமல் ஹோட்டலுக்குத் திரும்பி நல்ல சாப்பாடு சாப்பிடுங்கள். அங்கே ஒரு விமானி "இன்று வேண்டாம்" என்று சொல்லியிருக்கிறார். அவரை யாரும் நெருக்கவும் இல்லை!